பன்னீர்ச் செம்பின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

பொன்விழா மலரில் வெள்ளியைப் பற்றி எழுத வருகிறவனை ஆசிரியர் குழு சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஆனால் இந்த மண்ணில் நாம் பணத்துக்கே வெள்ளி என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். "கிலோ எத்தனை வெள்ளி?" என்று கேட்கிறோம். ஐம்பது வெள்ளி கைமாற்று வாங்குகிறோம். சங்கத்தின் சந்தா ரசீதிலும் அந்தச் சொல்தான். ஊரிலிருந்து புதிதாக வரும் உறவினர் முதல் நாள் கடைத்தெருவில் திகைத்து நிற்பதும் இந்தச் சொல்லைக் கேட்டுத்தான். பணம் தாளாகி, இப்போது கைப்பேசித் திரையில் ஓடும் எண்ணாகவும் ஆகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. நம் முன்னோர் பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் கப்பலிறங்கிய காலத்தில் பணம் மெய்யாகவே வெள்ளியாக இருந்தது.

அந்தக் காலத்து வெள்ளி வேறு வடிவங்களில் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. நிக்காஹ் சபையிலும் மவ்லித் மஜ்லிஸிலும் கைக்குக் கை நகரும் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், வெற்றிலைத் தட்டு, பிள்ளைகளின் தண்டை, பெரியவர்களின் கல் வைத்த மோதிரம். இவற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் சிலவற்றில் சிங்கமும் நங்கூரமும் தெரியும். சிலவற்றில் 800, 900, 925 என்று எண் மட்டும் இருக்கும். சிலவற்றில் சீன எழுத்து. பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இருக்காது.

அதைப் படிக்கத் தெரிவது பழம்பொருள் சேகரிப்பவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். தாயும் தந்தையும் மௌத்தான பின் பாகம் பிரிக்கும்போது, அந்தச் செம்பு வெள்ளியா முலாமா என்பதில் ஒரு வாரிசின் பங்கு கூடும், இன்னொருவரின் பங்கு குறையும். ஜகாத் கணக்கு அதன் சுத்தத்தைப் பொறுத்தது. அந்தச் செம்பிலிருந்து பன்னீர் தெளிக்கலாமா என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. மூன்றுக்கும் பதில் தேடும் முன், இந்த வட்டாரத்தின் வெள்ளிக்கு ஏன் பெரும்பாலும் முத்திரை இல்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

காரணம் எளிது. இங்கே நாணயமே முத்திரை.

நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசின் கீழ் இருந்தன. அரசுக் கணக்கு ரூபாயில் எழுதப்பட்டது. சந்தையோ டாலரில் நடந்தது. முதலில் ஸ்பானிய டாலர், பிறகு மெக்சிகோ டாலர். ஸ்பானிய நாணயத்தின் விளிம்பு பல் பல்லாக இருந்ததால்தான் மலாய்க்காரர்கள் அதை ரிங்கிட் என்றார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பாம்பைக் கவ்விய கழுகு பொறித்த மெக்சிகோ டாலரின் எடை 27.07 கிராம், நூற்றுக்கு 90 பங்குக்குச் சற்றே மேல் வெள்ளி. இந்திய ரூபாயோ ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ரூபாயை இங்கே நிலைநாட்ட இந்திய அரசு முயன்றபோது வணிகர்கள் எதிர்த்தார்கள். மெக்சிகோ டாலரைத்தான் சீனத்துறைமுகங்களிலும் வாங்குவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1895ல் பிரிட்டிஷார் கீழ்த்திசை வணிகத்துக்கென்றே ஒரு டாலர் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் சூலாயுதத்தோடு நிற்கும் பிரிட்டானியா. மறுபக்கம் 'ஒரு டாலர்' என்பது சீனத்திலும் ஜாவியிலும். நம் வட்டாரத்து அரபு லிபியைத் தாங்கிய அந்த நாணயத்தில் பெரும்பகுதி பம்பாய் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. 26.96 கிராம் எடை, 900 சுத்தம். 1903ல் வந்த நீரிணைக் குடியேற்ற டாலரும் அதே எடை, அதே சுத்தம். அதற்கடுத்த ஆண்டு மெக்சிகோ டாலரும் பிரிட்டிஷ் டாலரும் இங்கே செல்லாமல் போயின.

இத்தனை வகை நாணயம் ஒரே கல்லாவில் விழுந்தால் யாராவது நோட்டம் பார்க்க வேண்டுமே. நோட்டம் என்பது தமிழில் பழைய தொழிற்சொல். நாணயத்தின் தரம் பார்ப்பது. அதற்கும் முன்னால் வண்ணக்கன் என்றார்கள். சங்கப் புலவர்கள் சிலருடைய பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டியிருக்கிறது. பினாங்கு பிட் ஸ்ட்ரீட்டிலும் சிங்கப்பூர் சேஞ்ச் ஆலியிலும் நாணயமாற்று என்றாலே தமிழ் முஸ்லிம்கள் என்று பெயர் எடுத்தார்களே, அந்தத் தொழிலின் வேர் இங்கே இருக்கிறது. நாணயத்தைக் கல்லில் தட்டி ஒலி கேட்பது, விளிம்பைத் தடவிச் சுரண்டல் இருக்கிறதா என்று பார்ப்பது, தராசில் வைப்பது. சீன வணிகர்கள் சோதித்த டாலரில் தங்கள் சின்னத்தைச் சிறு உளியால் அடித்துவிடுவார்கள். பல கை மாறிய டாலர் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருக்கும். பார்க்க அழகில்லை. ஆனால் ஒவ்வொரு தழும்பும் "நான் பார்த்தேன், இது நல்ல வெள்ளி" என்று ஒருவர் சொன்ன சாட்சியம்.

கம்மாளர் கைக்கு வந்ததும் இந்த டாலர்தான். கொலுசு வேண்டும் என்றால் வாடிக்கையாளர் நாணயத்தை எண்ணிக் கொடுப்பார். கம்மாளர் உருக்கிச் செய்து, எடைக்கு எடை ஒப்படைத்து, கூலி வாங்கிக்கொள்வார். உருக்கும்போது செம்பு கூட்டினாரா இல்லையா என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். மலாய், சீன, தமிழ்க் கம்மாளர் எல்லோருக்கும் வழக்கம் இதுதான். பொருளைச் சோதித்து முத்திரையிடும் அரசு மண்டபம் நீரிணைக் குடியேற்றங்களில் இயங்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவிலும் வெள்ளிக்குக் கட்டாய முத்திரை கிடையாது. 1849ல் தொடங்கிய சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற பெருங்கடைகள்கூடத் தங்கள் கடைப்பெயரைத்தான் பொறித்தன. அது கடைக்காரர் தரும் வாக்கு. மூன்றாம் மனிதர் பார்த்துச் சொல்வது வேறு.

இந்த நாணயங்களை வைத்து ஜகாத் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால், சுத்தம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம். பத்து திர்ஹம் ஏழு மித்கால் எடை என்பது தொடக்ககால இஸ்லாமிய ஆட்சியிலேயே நிலைத்துவிட்ட கணக்கு. மித்கால் 4.25 கிராம் என்று கொண்டால் திர்ஹம் 2.975 கிராம், 200 திர்ஹம் 595 கிராம். இங்கே பழைய சந்தையில் புழங்கிய ஒரு கட்டி எடை (16 தஹில்) 604.8 கிராம். ஆக நிஸாப் என்பது ஒரு கட்டிக்குச் சற்றே குறைந்த சுத்த வெள்ளி. தோலாக் கணக்கில் போகும் ஹனஃபி நூல்கள் 52½ தோலா, அதாவது 612.36 கிராம் என்கின்றன.

1903ஆம் ஆண்டு டாலர் ஒன்றில் சுத்த வெள்ளி 24.26 கிராம். 25 டாலர் கையில் ஓராண்டு தங்கியிருந்தால் 595 கிராம் தாண்டிவிடும். அந்தக் காலத்தில் ஒரு சிறு பெட்டிக்கடைக்காரர் கல்லாவிலும் 25 டாலர் இருந்திருக்கும்! 1906ல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பவுனோடு கட்டிவைத்தார்கள். வெள்ளி விலை ஏறியது. டாலராகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்ற நிலை வந்ததும், 1907ல் டாலரின் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். முதல் உலகப்போரை ஒட்டி விலை மறுபடி ஏறியது. 1919, 1920ஆம் ஆண்டு டாலரின் எடை 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. உலோகத்தை மட்டும் கணக்கிட்டால் இப்போது நிஸாபுக்கு 71 டாலர் வேண்டும். பெயர் அதே டாலர், அரசர் தலையும் இருக்கிறது, உள்ளே மட்டும் மூன்றில் ஒரு பங்கு வெள்ளி. நாணயத்தை நம்பி உருக்கிய கம்மாளர் நிலையை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் இதே மாற்றம் தாமதமாக, 1940ல் வந்தது. ரூபாய் பாதி வெள்ளியானது, 1947ல் நிக்கலானது. நம் வட்டாரத்துப் பழைய நகைகளில் ரூபாயை உருக்கிச் செய்தது, டாலரை உருக்கிச் செய்தது என்று பெரியவர்கள் பிரித்துப் பேசியதற்கு இப்படி ஒரு பொருள் உண்டு.

முத்திரை என்ற எண்ணம் நமக்கு வெள்ளைக்காரர் கற்றுக்கொடுத்ததல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெருமானார் (ஸல்) அவர்களின் மோதிரம் வெள்ளி. அரசர்களுக்கு மடல் எழுதியபோது, முத்திரை இல்லாத மடலை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால் செய்யப்பட்டது அது. 'முஹம்மது', 'ரசூல்', 'அல்லாஹ்' என்று மூன்று வரியாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அதே வாசகத்தை வேறு யாரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்று அவர்கள் தடுத்ததும் ஹதீஸில் வருகிறது. முத்திரையின் மதிப்பு அது ஒருவருக்கே உரியதாக இருப்பதில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அபூபக்ர், உமர், உஸ்மான் (ரலி) ஆகியோர் கைகளுக்கு அடுத்தடுத்து வந்த அந்த மோதிரம், உஸ்மான் (ரலி) காலத்தில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்து காணாமல் போனது.

உமையா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 79ல் (கி.பி. 698-99) வெள்ளித் திர்ஹத்தைச் சீர்படுத்தினார். உருவங்கள் நீங்கின, எழுத்து மட்டும். 'பிஸ்மில்லாஹ்' என்று தொடங்கி, இந்தத் திர்ஹம் இன்ன ஊரில் இன்ன ஆண்டு அடிக்கப்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கும். ஊரும் ஆண்டும் தெரிந்தால், தரம் குறைந்தபோது எந்த நாணயச்சாலையில் யார் பொறுப்பில் இருந்தபோது குறைந்தது என்று கேட்க முடியும். சந்தையில் முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். தட்டார் கடையும் அவர் பார்வைக்கு உட்பட்டது.

இங்கிலாந்தின் வழி வேறு. அங்கே நாணயத்துக்கு மேலாகப் பொருளிலேயே முத்திரை வைத்தார்கள். 1300ல் முதலாம் எட்வர்ட் அரசர் சட்டம் போட்டார்: ஸ்டெர்லிங் தரத்துக்குக் குறைந்த வெள்ளிப்பொருள் விற்கக் கூடாது, சோதித்த பொருளில் சிறுத்தைத் தலை பொறிக்க வேண்டும். ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிக மென்மையானது. கை பட்டால் நெளியும். கடினத்துக்காகச் செம்பு கலப்பது தொழில் தேவை. 1478 முதல் லண்டன் பொற்கொல்லர் மண்டபத்துக்கு, அதாவது கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்கு, பொருளைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும் என்றானது. ஹாலில் விழுந்த மார்க் ஆனதால் ஹால்மார்க். தங்க நகைக்கடை விளம்பரங்களில் நாம் தினமும் கேட்கும் சொல்லின் பிறப்பு இதுதான்.

இங்கிலாந்து வெள்ளி உங்கள் வீட்டில் இருந்தால் பூதக்கண்ணாடியை எடுங்கள். வரிசையாக நான்கைந்து சிறு குறிகள் இருக்கும். முதலில் தேட வேண்டியது ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். 1544 முதல் ஸ்டெர்லிங் தரத்துக்கு அடையாளம். அடுத்தது ஊர்க்குறி. சிறுத்தைத் தலை என்றால் லண்டன். நங்கூரம் என்றால் பர்மிங்காம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்டால், 1773ல் பர்மிங்காமும் ஷெஃபீல்டும் தங்களுக்குச் சோதனை மண்டபம் கேட்டுப் போராடியபோது 'கிரவுன் அண்ட் ஆங்கர்' என்ற லண்டன் விடுதியில் கூடினார்களாம். கிரீடத்தை ஷெஃபீல்டும் நங்கூரத்தைப் பர்மிங்காமும் எடுத்துக்கொண்டன என்று கதை சொல்வார்கள். மூன்றாவது, ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. ஆண்டுதோறும் எழுத்து மாறும், அகரவரிசை முடிந்ததும் எழுத்தின் வடிவமும் கட்டமும் மாறும். நான்காவது செய்தவரின் பெயரெழுத்துகள். அரசர் அல்லது அரசியின் தலையும் சேர்ந்திருந்தால் அது 1784க்கும் 1890க்கும் இடையில் தீர்வை கட்டிய பொருள்.

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஓர் இடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் மக்கள் நாணயத்தை உருக்கித் தட்டும் குவளையுமாகச் செய்துகொண்டிருந்தார்கள். நாணயம் தட்டுப்பாடானது. அதைத் தடுக்க 1697ல் பொருளுக்கான தரத்தை 958க்கு உயர்த்தினார்கள். நாணயத்தை அப்படியே உருக்கினால் தரம் போதாது அல்லவா? 1720 வரை அந்தத் தரம் கட்டாயமாக இருந்தது. அதன் குறி சிங்கத்துக்குப் பதில் அமர்ந்திருக்கும் பிரிட்டானியா. நாணயத்தை உருக்குவதை அங்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இங்கே இரண்டு நூற்றாண்டு கழித்தும் அதுவே கைத்தொழிலின் மூலப்பொருளாக இருந்தது. ஆங்கிலேயர் தம் நாட்டுச் சோதனை மண்டபத்தை இங்கே கொண்டுவரத் தேவையில்லை என்று விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி, நம் வீடுகளில் அதிகம் ஏமாற்றும் முத்திரைக்கு வருகிறேன். இ.பி.என்.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு கேடயத்துக்குள், பழைய பாணி எழுத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் ஹால்மார்க் வரிசையேதான். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அடித்தார்கள். அதன் விரிவு, மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர். நிக்கல் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை. நம் தாய்மார்கள் ஜெர்மன் சில்வர் என்று சொல்வதும் அதைத்தான். 1840ல் பர்மிங்காமின் எல்கிங்டன் மின்முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்ற பிறகு, இந்தப் பொருள்கள் உலகெங்கும் கப்பலேறின. மேலே மெல்லிய வெள்ளித்தோல், உள்ளே ஜெர்மன் சில்வர். பக்கத்தில் 'ஏ 1' என்றும் 'ஷெஃபீல்ட்' என்றும் இருந்தால் மயங்க வேண்டாம். ஏ 1 பூச்சின் தரத்தைச் சொல்கிறது, ஷெஃபீல்ட் செய்த ஊரைச் சொல்கிறது. சிங்கம் இல்லாத ஷெஃபீல்ட் வெறும் ஊர்ப்பெயர்தான்.

இவ்வளவு சொன்னதால் முலாம் செம்பை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், தங்க வெள்ளிப் பாத்திரங்களைப் பயன்படுத்துவது ஹராம் என்று சொன்ன கையோடு, முலாம் பூசியது ஆகும் என்பதே சரியான கூற்று என்று வருகிறது. நெருப்பில் காட்டினால் அதிலிருந்து வெள்ளி திரண்டு வராத அளவு மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும் என்பது விரிவுரையாளர்கள் வைக்கும் நிபந்தனை. வெள்ளிப் பன்னீர்க் குப்பியைப் பற்றியே ஷாஃபிஈ நூல்களில் பேச்சு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை வழி ஷாஃபிஈ குடும்பங்களில் அசல் வெள்ளிச் செம்பு அலமாரியில் பூட்டிக் கிடக்க, சபைக்கு முலாம் செம்பு வந்ததை நான் கஞ்சத்தனம் என்று எண்ண மாட்டேன். பயன்படுத்துவது இருக்கட்டும், வைத்திருப்பதே கூடுமா என்றுகூட நூல்களில் விவாதம் உண்டு. தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கேட்கப் போகுமுன் செம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போங்கள். அசல் வெள்ளிக்கு ஒரு பதிலும் முலாமுக்கு இன்னொரு பதிலும் வரும்.

அண்டை நாட்டு முத்திரைகளும் நம் வீடுகளில் கலந்திருக்கின்றன. ஜாவாவின் கோத்தாகெடே வெள்ளிவேலையில் 800 என்ற எண்ணைக் காணலாம். பூவும் இலையும் புடைத்திருக்கும். தாய்லாந்திலிருந்து வந்த கறுப்பு வேலைப்பாட்டுப் பொருள்களில் 'சியாம் ஸ்டெர்லிங்' என்று இருக்கும். அது செய்தவர் தாமே பொறித்தது. ஹாங்காங், கான்டன் பகுதிப் பொருள்களில் சீன எழுத்தோடு 90 என்ற எண் வரும். ஆயிரத்தில் 900 என்பதை நூற்றுக்கு எழுதியிருக்கிறார்கள். ஜெர்மன் பொருளில் பிறையும் கிரீடமும் பார்த்து, பிறை இருக்கிறதே என்று இஸ்லாமிய நாட்டுப் பொருள் என எண்ணிவிட வேண்டாம். அது 1888 முதல் ஜெர்மனியின் தேசியக் குறி. அருகில் 800 இருக்கும். பழைய ரஷ்யப் பொருளில் 84 என்று இருந்தால் அது நூற்றுக்கு 84 அல்ல. 96 சொலோத்னிக்கில் 84, அதாவது 875.

இந்தியாவிலிருந்து இப்போது வாங்கிவரும் வெள்ளியில் பி.ஐ.எஸ். முத்திரை கிடைக்கும். தங்கத்தைப் போல வெள்ளிக்கு அங்கே அது கட்டாயமாக்கப்படவில்லை; கேட்டு வாங்க வேண்டும். சேலத்துக் கொலுசு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொலுசில் கண்ணிகள் அதிகம், பற்றவைத்த இடங்களும் அதிகம். பற்றுவெள்ளியின் தரம் குறைவு. தகடு நல்ல வெள்ளியாக இருந்தாலும் மொத்தமாக உருக்கினால் சுத்தம் இறங்கும். உருக்கும் கடையில் குறைத்துச் சொல்கிறார்கள் என்று எழும் சண்டைகளில் பாதி இதனால் வருவது. மீதி பாதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

முத்திரையே இல்லாத பாட்டிகாலத்துப் பொருளை என்ன செய்வது? இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு, முத்திரை இல்லாததால் அது மட்டம் என்று ஆகாது என்பது விளங்கியிருக்கும். தங்கத்துக்குக் கைகொடுக்கும் உரைகல் வெள்ளிக்கு அவ்வளவு நம்பகமல்ல. பழைய வழி புடமிடுவது. பொருளிலிருந்து ஒரு துணுக்கு போய்விடும். இன்று நகை மதிப்பீட்டுக் கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர் கருவி சில நொடிகளில் சதவீதம் காட்டும். ஆனால் அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். கனமான முலாமைக் கண்டு 99 என்று சொல்லிவிடவும் கூடும். தேய்ந்த விளிம்பில் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது தண்ணீர்ச் சோதனை. பொருளை நூலில் கட்டித் தராசில் நிறுத்துங்கள். பிறகு தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டு நிறுத்துங்கள். முதல் எடையை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி வரும். ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் 10.3 அளவில் நிற்கும். ஜெர்மன் சில்வரும் பித்தளையும் 9ஐத் தொடாது. 200 கிராம் தட்டு தண்ணீரில் 180.6 காட்டினால் வெள்ளி. 177 காட்டினால் வேறு ஏதோ. தட்டு, கிண்ணம், திடமான தண்டைக்கு இது சரிவரும். பன்னீர்ச் செம்புக்கு எச்சரிக்கை தேவை. கழுத்துக்குள் காற்று தங்கும். அடிப்பீடத்துக்குள் கனத்துக்காக அரக்கோ வேறு நிரப்பியோ வைத்திருப்பார்கள். அந்த நிரப்பியின் எடையையும் வெள்ளி விலையில் போட்டுப் பாகம் பிரித்துவிடக் கூடாது.

சுத்தம் தெரிந்த பிறகு கணக்கு மத்ஹபுக்கு ஏற்ப நடக்கும். ஷாஃபிஈ வழியில், கலப்பு வெள்ளியிலுள்ள சுத்த வெள்ளி மட்டும் நிஸாபை எட்ட வேண்டும். 925 தரமானால் 643 கிராம் ஏறக்குறைய, 900 என்றால் 661, 800 என்றால் 744. ராவுத்தர் குடும்பங்கள் பலவும் பின்பற்றும் ஹனஃபி வழியில், வெள்ளி மிகுந்திருந்தால் முழுப் பொருளும் வெள்ளியாகவே எண்ணப்படும். பெண்கள் அணியும் நகை விஷயத்திலும் வேறுபாடு உண்டு: ஹனஃபியில் ஜகாத் உண்டு; ஷாஃபிஈயில் வழக்கமாக அணியும் ஆகுமான நகைக்கு இல்லை, பாத்திரத்துக்கு உண்டு. ஆகவே ஒரே தெருவில் இரு வீட்டில் இருக்கும் ஒரே எடைப் பொருளுக்கு இரு கணக்கு வருவதில் வியப்பில்லை.

நம் வட்டாரத்துப் பொருள்களில் எண் முத்திரை எப்போது பரவியது என்பதற்கும் நாணயமே விடை தருகிறது. 1920க்குப் பின் டாலர் பாதி வெள்ளியானது. போருக்குப் பின் வந்த சில்லறையில் வெள்ளியே இல்லை, செம்பு நிக்கல். உருக்க நாணயம் இல்லாதபோது கம்மாளர் வெளியிலிருந்து வந்த கட்டி வெள்ளியை வாங்கினார். வாடிக்கையாளர் தாம் எண்ணிக் கொடுத்த டாலர் அல்ல அது. எங்கிருந்து வந்தது, என்ன தரம் என்று கேட்கத் தொடங்கினார். பதிலுக்குக் கம்மாளர் சிற்றுளியை எடுத்து 925 என்று அடித்துக் கொடுத்தார். உங்கள் வீட்டில் எண் இல்லாத கனத்த தண்டையும் எண் உள்ள மெல்லிய கொலுசும் சேர்ந்திருந்தால், முன்னது டாலர் உருகிய காலத்துப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை விற்க நேர்ந்தால், 'முத்திரை இல்லை' என்று விலையைக் குறைக்கும் கடையைத் தாண்டி இன்னொரு கடையில் சோதித்துவிட்டு விற்கவும்.